நாலு மூட்டை இட்லி அரிசி

பிபிஏ இரண்டாம் வருடத்தில் ‘ஆபரேஷன்ஸ் அண்ட் சப்ளை செயின் மேனேஜ்மென்ட்’ என்று ஒரு தாள் இருக்கிறது. ஐந்து அலகு. திருப்பூரில் ஒரு கலைக் கல்லூரியில் அந்தத் தாளை நான் நடத்த ஆரம்பித்து இது ஏழாவது வருடம். அதற்கு முன்னால் பதினோரு வருடம் பனியன் கம்பெனிகளில் மெர்ச்சண்டைசர் வேலை, அதாவது ஓர் ஆர்டரை வாங்குவது முதல் அனுப்புவது வரை கவனித்துக்கொள்வது. இந்த செமஸ்டரில் ஒரு மாணவி எழுந்து கேட்ட கேள்வியையும் அதிலிருந்து வந்த கணக்கையும் எழுதிவைக்க வேண்டும் என்று ஒரு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன். இன்றைக்குத்தான் உட்கார முடிந்தது.

முதல் வகுப்பில் நான் புத்தகத்தைத் திறக்கச் சொல்வதில்லை. ஒரு ரவுண்ட் நெக் டீ-ஷர்ட்டை மேசை மேல் விரித்துப் போட்டு, “இதைச் செய்ய எவ்வளவு நேரம் ஆகும்?” என்று கேட்பேன். வகுப்பில் 54 பேர். பாதிக்கு மேல் அம்மாவோ அப்பாவோ பனியன் கம்பெனிக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள். அதனால் பதில் தடதடவென்று வரும். “ஏழு நிமிஷங்க மேடம், எங்கம்மா ஓவர்லாக் டைலர்.” “ஒரு நாளுங்க.” பின்வரிசையில் ஒரு பையன், “ஒன்றரை மாசம் ஆகுங்க மேடம், எங்கப்பா பேக்கிங் கான்ட்ராக்ட் எடுத்திருக்காரு” என்றான். மூன்று பதிலும் சரிதான். ஏழு நிமிடத்தில் தைத்து முடிகிற ஒன்று ஏன் ஒன்றரை மாதம் கழித்து வெளியே வருகிறது என்பதுதான் பாடம்.

பலகையில் வழியை எழுதுவோம். கோவையிலிருந்தோ திண்டுக்கல்லிலிருந்தோ நூல் வரும். நிட்டிங்கில் துணியாகும். சாயத்துக்குப் போகும். துணி பிறகு சுருங்காமல் இருக்கச் செய்யும் காம்பேக்டிங் முடிந்து கட்டிங் மேசைக்கு வரும். பிரிண்ட் இருந்தால் அதற்கு இன்னொரு கம்பெனி. அப்புறம் தையல், பிசிறு வெட்டுவது, செக்கிங், அயர்ன், பேக்கிங். பெரும்பாலும் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கட்டடம். நடுவில் குட்டி யானை வண்டிகள் ஓடிக்கொண்டே இருக்கும். கை பட்ட நேரத்தை மட்டும் கூட்டினால் அரை மணி நேரம் தாண்டாது. சாய மெஷினுக்குள் துணி சுற்றுகிற எட்டுப் பத்து மணி நேரத்தைச் சேர்த்தாலும் முழுசாக ஒரு நாள் ஆகாது. மீதி நாற்பத்துச் சொச்சம் நாளும் அந்தத் துணி என்ன செய்துகொண்டிருந்தது? காத்துக்கொண்டிருந்தது. ரோல் ரோலாக சாயத்துக்குக் காத்திருந்தது, பண்டல் பண்டலாக மெஷினுக்குக் காத்திருந்தது, அட்டைப்பெட்டியில் கன்டெய்னருக்குக் காத்திருந்தது.

இந்தத் தாள் முழுக்க நான் சொல்லித்தருவது இது ஒன்றைத்தான். எது காத்திருக்கிறது, எங்கே, எதற்காக? கிடங்கில் இருக்கும் சரக்கு என்பது காத்திருக்கும் பணம். வரிசை என்பது காத்திருக்கும் மனிதர்கள். ஆர்டர் கொடுத்ததிலிருந்து சரக்கு கைக்கு வரும் வரை ஆகும் நேரத்தைப் புத்தகம் ‘லீட் டைம்’ என்கிறது; அதில் பெரும்பகுதி காத்திருப்புதான். இந்தக் கண் திறந்துவிட்டால் சூத்திரங்களைப் பிள்ளைகள் தாங்களே தேடி வருவார்கள். திறக்காவிட்டால் ஐந்து அலகையும் மனப்பாடம் செய்து எழுதி மார்க் வாங்கிவிட்டு மறந்துபோவார்கள்.

எனக்கு அந்தக் கண் திறந்தது ஒரு லேபிளால். 2013. குழந்தைகள் டீ-ஷர்ட், 8,400 பீஸ், நாலு கலர். அதில் ஒன்று கிரே மெலாஞ்ச். மற்ற மூன்றும் முழுக் காட்டன். கிரே மெலாஞ்சில் கொஞ்சம் விஸ்கோஸ் என்ற வேறு இழை கலந்திருக்கும். துவைக்கிற முறையும் நூலின் கலவையும் அச்சடித்து பக்கத் தையலில் வைக்கும் வாஷ்கேர் லேபிளை, நான் நாலு கலருக்கும் ஒரே மாதிரி, 100 சதவீதம் காட்டன் என்று ஆர்டர் போட்டுவிட்டேன். ஆர்டர் கொடுத்த பையர் தரப்பிலிருந்து தையல் லைனைப் பார்க்க வந்தவர் கையில் எடுத்தவுடன் கண்டுபிடித்துவிட்டார். சரியான லேபிள் இல்லாமல் பக்கத் தையல் போட முடியாது. கிரே பண்டல்கள் அப்படியே மெஷின் பக்கத்தில் மலையாக நின்றன. மற்ற மூன்று கலரும் முடிந்து அயர்ன் ஆகியிருந்தன. ஆனால் ஒரு பேக்கில் நாலு கலரும் ஒவ்வொன்று போக வேண்டும் என்பது ஆர்டர். ஆகவே அவையும் நின்றன. புது லேபிள் அச்சாகி வர ஐந்து நாள். தூத்துக்குடியில் கப்பல் போய்விட்டது. ஒரு பகுதியை விமானத்தில் அனுப்பினார்கள். அந்தச் செலவு என் பத்து மாதச் சம்பளத்தைவிட அதிகம். ஒரு லேபிளின் விலை 40 பைசா.

அன்று சாயங்காலம் கட்டிங் மாஸ்டர் என் மேசைப் பக்கம் வந்து நின்று, “அம்மிணி, துணி வந்துருச்சான்னு பத்துப் பேரு பாப்பாங்க. லேபிள் வந்துருச்சான்னு நீதான் பாக்கோணும்” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

புத்தகத்தில் ஏ-பி-சி பகுப்பு என்று ஒரு பாடம் வரும். 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக்கில் உருவானது. அதிகப் பணம் முடங்கும் சில பொருள்களை ஏ என்று வைத்து நெருக்கமாகக் கண்காணிக்க வேண்டும். பணம் குறைந்த பல பொருள்கள் சி, அவற்றை மொத்தமாக வாங்கிப் போட்டுவிடலாம். நூல் ஏ, லேபிள் சி. கணக்கு சரி. ஆனால் சி என்று பெயர் வைத்த கையோடு யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அதனால் அந்தப் பாடத்தை நடத்தும்போது பட்டியலில் இன்னொரு கட்டத்தை நானாகச் சேர்ப்பேன்: ‘இது வராவிட்டால் எது நிற்கும்?’ பரீட்சையில் அதைக் கேட்க மாட்டார்கள். இருந்தாலும் எழுதச் சொல்வேன்.

சரி, அந்த அரிசிக் கணக்குக்கு வருகிறேன்.

மூன்றாவது அலகில் ‘இ.ஓ.க்யூ’ (எகனாமிக் ஆர்டர் குவான்டிட்டி) வரும். ஒரு தடவைக்கு எவ்வளவு வாங்கினால் மொத்தச் செலவு குறைவாக இருக்கும் என்ற கணக்கு. அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக வாங்கினால் வாங்கப் போகும் செலவு ஏறும். மொத்தமாக வாங்கிப் போட்டால் வைத்திருக்கும் செலவு ஏறும். இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது. வருடத் தேவையை ஒரு தடவை வாங்கும் செலவால் பெருக்கி, இரட்டித்து, ஒரு கிலோவை ஒரு வருடம் வைத்திருக்கும் செலவால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் அந்த இடம் கிடைக்கும். 1913-ல் ஃபோர்டு ஹாரிஸ் என்ற அமெரிக்கர் ஒரு தொழிற்சாலைப் பத்திரிகையில் எழுதியது. பள்ளிக்கூடத்துக்கு மேல் அவர் படித்ததில்லை. அதைச் சொல்லும்போதெல்லாம் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்திருக்கும் பிள்ளைகள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள். அதற்காகவே சொல்வேன்.

நான் கொடுத்த உதாரணம் ஓர் இட்லிக் கடை. நாளைக்கு 10 கிலோ அரிசி, வருடத்துக்கு 3,600 கிலோ. ஒரு தடவை போய் வாங்கிவர ஆட்டோ, அரை நாள் எல்லாம் சேர்த்து 400 ரூபாய். ஒரு கிலோவை வருடம் பூராவும் வைத்திருக்க 8 ரூபாய். கிலோ 40 ரூபாய் அரிசிக்கு 20 சதவீதம். விடை 600 கிலோ. வர்க்கமூலம் முழு எண்ணாக வர வேண்டும் என்பதற்காக நானே செய்துவைத்த எண்கள் இவை. எல்லாரும் 600 என்று எழுதி அடிக்கோடு போட்டார்கள்.

மூன்றாவது வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். அதிகம் பேசாதவள். “மேடம், எங்கம்மா இட்லிக் கடைதான் வெச்சிருக்காங்க. தெனமும் பத்து கிலோதான் போகும். ஆனா பத்து நாளைக்கு ஒருக்கா நாலு மூட்டைதான் வாங்குவாங்க. அது தப்புங்களா?”

ஒரு மூட்டை 26 கிலோ. நாலு மூட்டை 104. என் விடை 600. வகுப்பு என்னைப் பார்த்தது. தப்பா சரியா என்று எனக்கே தெரியவில்லை. “அம்மாகிட்ட நாலு விஷயம் கேட்டுக்கிட்டு வா” என்று சொல்லி அனுப்பினேன். அரிசி என்ன விலை, வீட்டுக்கு எப்படி வருகிறது, அதற்கு என்ன செலவு, பணம் எங்கிருந்து வருகிறது.

மறுநாள் நோட்டில் எழுதிக்கொண்டு வந்தாள். அரிசி கிலோ 40 ரூபாய்; அது பொருந்திவிட்டது. ஆட்டோ பிடிப்பதே இல்லை. போன் செய்தால் அரிசிக் கடை வண்டி அந்தப் பக்கம் வரும்போது இறக்கிவிட்டுப் போகும். இறக்கும் பையனுக்கு 25 ரூபாய். பணம் தெரிந்தவர் ஒருவரிடம் கடன், நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டி. கடைசி வரியில், ‘வண்டு, எலி’ என்று எழுதியிருந்தாள்.

பலகையில் பழைய எண்களை அழித்தோம். வட்டி வருடத்துக்கு 36 சதவீதம். 40 ரூபாய்க்கு 14 ரூபாய் 40 காசு. வண்டுக்கும் எலிக்கும் கிலோவுக்கு 1 ரூபாய் 60 காசு என்று பிள்ளைகளே பேசி முடிவு செய்தார்கள். ஆக 16 ரூபாய். வாங்கும் செலவு 400 அல்ல, 25. ஒரு பையனைக் கூப்பிட்டுப் போடச் சொன்னேன். இரண்டு பெருக்கல் 3,600 பெருக்கல் 25. ஒரு லட்சத்து எண்பதாயிரம். வகுத்தல் 16. 11,250. போனில் வர்க்கமூலம் எடுத்துவிட்டு அவன் சத்தமாகப் படித்தான்: “நூத்தி ஆறு.”

ஒரு நொடி யாரும் பேசவில்லை. அப்புறம் யாரோ பின்னாலிருந்து, “நாலு மூட்டை நூத்தி நாலு!” என்று கத்தினார்கள். வகுப்பே கை தட்டியது. அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

விடவில்லை, மேலே போட்டுப் பார்த்தோம். நாலு மூட்டையாக வாங்கினால் இறக்கும் செலவும் வைத்திருக்கும் செலவும் சேர்ந்து வருடத்துக்கு 1,697 ரூபாய். ஐந்து மூட்டையாக வாங்கினால் 1,732. வித்தியாசம் 35 ரூபாய்தான். சரியான அளவுக்குப் பக்கத்தில் இருந்தால் போதும், கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் பெரிய நஷ்டமில்லை என்பது இந்தச் சூத்திரத்தின் நல்ல குணம். ஆனால் என் 600 கிலோவைக் கொண்டுபோய் அந்த வீட்டில் இறக்கியிருந்தால் 4,950 ரூபாய் ஆகியிருக்கும். கிட்டத்தட்ட மூன்று மடங்கு. புத்தகத்துச் சூத்திரம் சரி, என் எண்கள் அந்த வீட்டுடையவை அல்ல.

இதில் எனக்கு மிகவும் உறைத்தது வட்டி. அதே அம்மாவுக்கு வங்கியில் 12 சதவீதத்துக்குக் கடன் கிடைத்தால் என்ன ஆகும் என்று ஒரு பிள்ளை கேட்டது. வைத்திருக்கும் செலவு 6 ரூபாய் 40 காசு ஆகிறது. விடை 168 கிலோ, ஆறரை மூட்டை. இல்லாதவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக வாங்குவதைத் திட்டமிடத் தெரியாத குணம் என்று பேசுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கம்பெனி மீட்டிங்குகளில் சின்ன ஜாப் ஒர்க் யூனிட்காரர்களைப் பற்றி நானும் அப்படிப் பேசியிருக்கிறேன். மூன்று வட்டிக்குப் பணம் வாங்குகிறவர் கொஞ்சமாக வாங்குவதுதான் சரியான திட்டம். சூத்திரமே அதைத்தான் சொல்கிறது.

அடுத்த வாரம் அந்தக் கடைக்குப் போனேன். நாலு மூட்டை எப்படி முடிவு செய்தீர்கள் என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். “ஏனுங்க டீச்சரு, அஞ்சு மூட்டை போட்டா கட்டில் போட எடமிருக்காதுங்க. மூணு போட்டா எட்டாம் நாளே கடைக்காரனுக்குப் போன் போடோணும், அவன் சலிச்சுக்குவான்” என்றார். வைத்திருக்கும் செலவையும் வாங்கும் செலவையும்தான் சொல்கிறார். ஹாரிஸ் சொன்னதும் அதுவேதான்.

நாலாவது அலகு விநியோகச் சங்கிலி. அதற்கு ஒரு விளையாட்டு இருக்கிறது. 1960களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜே ஃபாரஸ்டரும் அவரோடு இருந்தவர்களும் உருவாக்கியது. உலகம் பூராவும் பீர் கேம் என்ற பெயரில் விளையாடுகிறார்கள். நாங்கள் புளியங்கொட்டையில் விளையாடுவோம். ஒரு கொட்டை ஒரு பெட்டி பிஸ்கட். நாலு பெஞ்சு வரிசையாக: மளிகைக் கடை, மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், ஃபேக்டரி. ஒருவரோடு ஒருவர் பேசக் கூடாது; துண்டுச் சீட்டில் எண் மட்டும் எழுதி பின்னால் தள்ள வேண்டும். சீட்டு போய்ச் சேர இரண்டு வாரம், சரக்கு வந்து சேர இரண்டு வாரம். வாடிக்கையாளர் எத்தனை கேட்கிறார் என்ற அட்டை மளிகைக் கடைக்கு மட்டும்தான் தெரியும்.

இந்த வருடம் பத்தாவது வாரத்துக்குள் ஒரு குழுவில் ஃபேக்டரியாக இருந்த பெண்ணுக்கு 46 என்று சீட்டு வந்தது. அவள் வெலவெலத்துப்போய் 60 உற்பத்திக்குச் சொன்னாள். நாலு வாரம் கழித்து வந்த சீட்டில் சுழியம். அதற்கு அடுத்த வாரமும் சுழியம். அவள் பெஞ்சு முழுக்கப் புளியங்கொட்டை. “கடையில இருக்கவ கண்ட மேனிக்கு மாத்தி மாத்திக் கேட்டிருக்கா மேடம்” என்று கோபமாகச் சொன்னாள். அட்டையைத் திருப்பிக் காட்டச் சொன்னேன். முதல் நாலு வாரம் 4. ஐந்தாவது வாரத்திலிருந்து கடைசி வரைக்கும் 8. மாறியது ஒரே ஒரு தடவை.

இதற்குச் சாட்டை விளைவு என்று பெயர். கைப்பிடியில் சின்ன அசைவு, நுனியில் பெரிய வீச்சு. ப்ராக்டர் அண்ட் கேம்பிள் கம்பெனிக்காரர்கள் குழந்தைகளின் டயப்பர் ஆர்டரில் இதைக் கவனித்தார்கள். குழந்தைகள் ஒரே சீராகத்தான் நனைக்கின்றன, ஆனால் ஆர்டர் மட்டும் ஏறி இறங்கியது. 1997-ல் ஹாவ் லீயும் அவரோடு இரண்டு பேரும் இதன் காரணங்களைப் பிரித்து எழுதினார்கள். அதில் ஒன்று, சரக்கு கிடைக்காது என்ற பயம் வந்தால் வேண்டியதைவிட அதிகமாகக் கேட்பது. 2022 மே மாதம் பஞ்சு விலை ஒரு கேண்டி, அதாவது 356 கிலோ, ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. அப்போது என் பழைய சிநேகிதி ஒருத்தி, பத்து டன் நூல் வேண்டிய இடத்தில் மூன்று மில்லுக்கும் பத்துப் பத்து டன் சொல்லிவைத்திருப்பதாகப் போனில் சொன்னாள். யார் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று. மூன்று மில்லும் அதைத் தேவை என்றே நினைத்திருக்கும். இதை நான் சொன்னபோது பேக்கிங் கான்ட்ராக்டரின் மகன், “எங்க அப்பாவும் அட்டைப்பெட்டிக்கு அப்படித்தானுங்க மேடம் சொல்லுவாரு” என்றான்.

இனி சொல்லப்போவதை நான் வேகமாகக் கடக்க முடியாது. இடுக்கு என்று ஒரு பாடம். பாட்டிலின் கழுத்து மாதிரி. இஸ்ரேலைச் சேர்ந்த இயற்பியல்காரர் கோல்ட்ராட் இதை அழுத்திச் சொன்னார்: மொத்தத் தொழிற்சாலையும் அதன் இடுக்கு எந்த வேகத்தில் ஓடுகிறதோ அந்த வேகத்தில்தான் ஓடும், மற்ற இடங்களில் வேகம் கூட்டினால் குவியல்தான் கூடும். திருப்பூர்க்காரர்களுக்கு இதற்கு உதாரணம் தேட வேண்டியதில்லை. 2011 ஜனவரி கடைசியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்னது. எழுநூறுக்கும் மேற்பட்ட ஆலைகள். நூல் இருந்தது, நிட்டிங் மெஷின் இருந்தது, டைலர்கள் இருந்தார்கள், ஆர்டர் கையில் இருந்தது. சாயம் நின்றதும் ஊரே நின்றது. எங்கள் கம்பெனி வராந்தா வரைக்கும் கிரே துணி, அதாவது சாயம் போடாத துணி, ரோல்கள் அடுக்கியிருந்தன. பாத்ரூமுக்குப் போக ஒருக்களித்து நடப்போம். லாரியில் வெளியூருக்கு அனுப்பிச் சாயம் போட்டு வாங்கினோம். ஷேடு ஒன்றுக்கொன்று சேரவில்லை.

அந்த நாட்களில் கம்பெனியில் எல்லாரும் தீர்ப்பைத் திட்டினார்கள். என்னால் முடியவில்லை. என் அம்மா பிறந்த ஊர் நொய்யல் கரையில், ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே. பாசனத்துக்கு என்று கட்டிய அணை அது. அதில் சாயத் தண்ணீர்தான் தேங்கியது. மாமா வீட்டுக் கிணற்றில் மோட்டார் போட்டால் வாய்க்காலில் நுரை ஓடும். தென்னைகள் ஒவ்வொன்றாகக் குரும்பை உதிர்த்து நின்றதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். நூலையும் துணியையும் பெட்டியையும் எண்ணிய நாங்கள் யாரும், ஆற்றில் விட்ட உப்புத் தண்ணீரை எண்ணவில்லை. அது எங்கும் போய்விடவில்லை. அணைக்குள் காத்திருந்தது. அந்தப் பகுதி விவசாயிகள் வருடக்கணக்காக நீதிமன்றப் படி ஏறித்தான் அதை யாராவது எண்ண வேண்டும் என்று ஆக்கினார்கள். இன்றைக்கு ஆலைகள் ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரித்து, உப்பையும் தண்ணீரையும் பிரித்துத் திரும்ப எடுக்க வேண்டும் என்பது சட்டம். கிலோ சாயக் கூலி அதனால் ஏறியது. அது ஏறிய செலவு அல்ல, முன்பு என் மாமா கட்டிக்கொண்டிருந்த செலவு என்று பிள்ளைகளிடம் சொல்வேன். சங்கிலியைப் பலகையில் வரையும்போது பஞ்சிலிருந்து தொடங்கி கடையில் முடிக்கக் கூடாது. ஆறும் அதில் ஒரு கண்ணி. இந்த ஒரு வகுப்பில் மட்டும் என் குரல் கொஞ்சம் மாறிவிடும். பிள்ளைகளுக்கும் தெரியும்.

இடுக்கை நல்ல விதமாகக் கையாண்டதற்கு மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சொல்வேன். டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்று, 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கியது. அங்கே இடுக்கு அறுவை மருத்துவரின் நேரம். அதனால் அறையில் இரண்டு மேசை. ஒன்றில் அறுவை நடக்கும்போதே அடுத்த மேசையில் அடுத்த நோயாளி தயாராக இருப்பார். முடித்ததும் மருத்துவர் அப்படியே திரும்பிக்கொள்வார். முன்னும் பின்னும் இருக்கும் வேலையெல்லாம் பயிற்சி பெற்ற செவிலியர்கள் கையில். எது காத்திருக்கலாம், எது காத்திருக்கவே கூடாது என்று பிரித்துவிட்டார்கள். காசு இல்லாத லட்சக்கணக்கான பேருக்கு அவர்களால் அறுவை செய்ய முடிந்ததில் இந்த ஏற்பாட்டுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. இலவசம் என்பதை மனசு மட்டும் வைத்து நடத்த முடியாது, இப்படிப்பட்ட கணக்கும் வேண்டும்.

செமஸ்டர் கடைசியில் ஒவ்வொருவரும் ஓர் இடத்தில் நின்று எண்ணிவர வேண்டும். ரேஷன் கடை, பெட்ரோல் பங்க், தாலுகா ஆபீஸ், எதுவானாலும் சரி. அந்தப் பெண் தன் அம்மாவின் கடையையே எடுத்துக்கொண்டாள். கம்பெனி வேன்கள் கிளம்புவதற்கு முன்னால், காலை 6.45 முதல் 7.45 வரை, ஐந்து நாள் நின்றாள். மணிக்கு 50 பேர் வாங்கிப் போகிறார்கள். எந்த நேரம் பார்த்தாலும் சராசரியாக 12 பேர் நிற்கிறார்கள். 1961-ல் ஜான் லிட்டில் நிரூபித்த விதிப்படி நிற்பவர்களின் எண்ணிக்கையான 12-ஐ மணிக்கு வாங்கிப் போகும் 50-ஆல் வகுத்தால் போதும், 0.24 மணி நேரம்: ஒருவர் 14 நிமிடம் சொச்சம் நிற்கிறார். கைக்கடிகாரத்தில் சிலரைத் தனியாகக் குறித்துப் பார்த்ததிலும் 14 நிமிடம்தான். சிலர் வரிசையைப் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்தாமலே போனதையும் எண்ணியிருந்தாள். ஒரு நாளைக்கு ஒன்பது, பத்து பேர்.

இட்லி வேக நேரமாகிறது என்றுதான் வீட்டில் எல்லாரும் நினைத்திருந்தார்கள். அவள் எண்ணிப் பார்த்ததில் கொப்பரையில் இட்லி எப்போதும் தயாராக இருந்தது. நேரத்தைத் தின்றது சாம்பாரையும் சட்னியையும் கவரில் ஊற்றி ரப்பர் பேண்ட் போடுவது. முன்கூட்டியே நாற்பது கவர் கட்டி வைத்துவிடலாம் என்று அம்மாவிடம் சொன்னாள். அம்மா ஒரே போடாகப் போட்டார்: “ஆறிப்போன சாம்பார எவன் கண்ணு திம்பான்?” அவர் சொன்னதும் நியாயம்தானே. சரக்கு அதிகம் காத்திருந்தால் தரம் போய்விடும்.

வகுப்பில் இதை வைத்துப் பேசினோம். டொயோட்டாவின் தாயிச்சி ஓனோ 1956-ல் அமெரிக்கா போனபோது கார் தொழிற்சாலைகளைவிட சூப்பர் மார்க்கெட்டை வியந்து பார்த்தார். எடுத்த இடத்தை மட்டும் நிரப்புகிறார்கள் என்பதற்காக. அதைத்தான் நம் வீட்டில் இரண்டு கேஸ் சிலிண்டர் வைத்துச் செய்கிறோம், ஒன்று தீர்ந்தால் அடுத்ததை மாட்டிவிட்டு உடனே புக் செய்வது. கடைசியில் முடிவானது இது: எட்டுக் கவர் கட்டி வை. மூன்றாகும்போது மறுபடி எட்டாக்கு. எட்டுக்கு மேல் ஒன்றுகூடக் கட்டாதே. கவர் வைக்க எட்டுக் குழி உள்ள ஒரு பழைய தட்டை அம்மாவே எடுத்துக் கொடுத்தாராம்.

போன வெள்ளிக்கிழமை மறுபடி எண்ணியிருக்கிறாள். சராசரி 7 பேர். நிற்காமல் போனவர்கள் இப்போது நிற்கிறார்கள். அதனால் மாவு ஏழரைக்கே தீர்ந்துவிடுகிறது, நாலு மூட்டை பத்து நாளைக்கு வராமல் ஒன்பதாம் நாளே காலி. நாளைக்குப் பதினொன்றரை கிலோ என்றால் வருடத்துக்கு 4,150 கிலோ அளவுக்கு வரும். சூத்திரத்தில் போட்டால் 114 கிலோ. நாலு மூட்டைக்கு மேலே, ஐந்து மூட்டைக்குக் கீழே. ஐந்து போட்டால் கட்டிலுக்கு இடமில்லை என்று அந்த அம்மா ஏற்கெனவே சொல்லிவிட்டார். திங்கட்கிழமை முதல் பீரியட், நாலா ஐந்தா என்று பிள்ளைகளிடம் விட்டிருக்கிறேன்.